கதவை மூடினால் உரிமை எங்கே?

1939ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லட்லோ என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணி, வேறொரு வேலையாக ரட்லண்ட் நகருக்குச் சென்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 65. மணம் புரியாதவர், வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலராகப் பணியாற்றியவர். கடந்த மூன்று ஆண்டுகளாகத் தம் சம்பளத்திலிருந்து ‘சமூகப் பாதுகாப்பு’ என்ற பெயரில் ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டு வந்தது அவருக்குத் தெரியும். அதனால் தமக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் தெரியாது. பெரிதாக எதையும் அவர் எதிர்பார்க்கவும் இல்லை. ஆயினும் ரட்லண்டில் அதற்கென ஓர் அலுவலகம் இருந்தது. வந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோமே என்று உள்ளே நுழைந்தார்.

1940 ஜனவரி 31 அன்று அந்நாட்டின் முதல் மாதாந்திர ஓய்வூதியக் காசோலை அவர் பெயருக்கு எழுதப்பட்டது. தொகை 22 டாலர் 54 சென்ட். 1975இல் தமது நூறாவது வயதில் அவர் இறக்கும்வரை மாதந்தோறும் அந்த உதவி வந்துகொண்டே இருந்தது. கூட்டிப் பார்த்தால் 22,888 டாலர் 92 சென்ட்.

இந்நிகழ்ச்சியை அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே தன் வரலாற்றில் பெருமையோடு பதிவு செய்திருக்கிறது. ஆனால் அதில் அடங்கியிருக்கும் பாடத்தை அது மறந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. அந்த முதியவரை ஓய்வூதியத்திடம் கொண்டு சேர்த்தது எது? சட்டம் ஏற்கெனவே இருந்தது. பணமும் இருந்தது. ஆனால் வழியில் திறந்திருந்த ஒரு கதவும், உள்ளே கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மனிதரும் இல்லாதிருந்தால், எதையும் எதிர்பார்க்காத அந்தப் பெண்மணி எதையும் கேட்காமலே வீடு திரும்பியிருப்பார்.

நான் சொல்ல வருவது இதுதான்: வட்டார அலுவலகம் என்பது உதவித்தொகையைக் கொடுக்கும் இடம் மட்டுமன்று; அது அந்த உதவியின் ஒரு பகுதியே ஆகும். ஆகவே அதனை மூடுவது உதவியைக் குறைப்பதே. வேறுபாடு ஒன்றுதான். உதவியைக் குறைக்கச் சட்டமன்றத்தில் விவாதம் நடக்க வேண்டும், வாக்கெடுப்பு நடக்க வேண்டும், செய்தவர் பெயர் பதிவாக வேண்டும். அலுவலகத்தை மூட ஒரு சுற்றறிக்கை போதும்.

கடல் கடந்த ஒரு நாட்டின் அலுவலகங்களைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். கையில் மனுவோடு ஓர் அரசு அலுவலகத்தின் திண்ணையில் என்றேனும் காத்திருந்தவர்களுக்கு இக்கேள்விக்கான விடை தெரியும். செல்வம் மிகுந்த அந்த நாட்டில் நடந்தவை நன்கு ஆராயப்பட்டு, எண்களாக நம் முன் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்கள் சொல்லும் உண்மையை நாம் அறிந்திருப்பது நல்லது.

1935 ஆகஸ்டு 14 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 14 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் முதல் வட்டார அலுவலகம் திறக்கப்பட்டது. பின்னர் நகரங்கள்தோறும் இத்தகைய அலுவலகங்கள் பரவின. ஓய்வு பெற்றோர், கணவனை இழந்தோர், பெற்றோரை இழந்த பிள்ளைகள், நோயினாலோ விபத்தினாலோ உழைக்க இயலாமற் போனோர் ஆகிய அனைவரும் தங்கள் தாள்களோடு சென்றமர்ந்தது இவ்விடங்களில்தான். அலுவலகம் இல்லாத ஊர்களுக்கு, நூலகத்திலோ முதியோர் மன்றத்திலோ ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு குறித்த நாள்களில் ஊழியர் வந்து அமரும் வழக்கமும் இருந்தது.

இன்று ஏறத்தாழ 1,200 வட்டார அலுவலகங்கள் உள்ளன. ஆனால் இருந்தவை பல இல்லாமற் போயின. 2010 முதல் நான்கைந்து ஆண்டுகளில் மட்டும் 64 அலுவலகங்கள் மூடப்பட்டன. ஊழியர் வந்து அமர்ந்துகொண்டிருந்த 533 தற்காலிக நிலையங்களும் நின்றுபோயின. இதை எடுத்துக்காட்டிக் கண்டித்தது, 2014இல் அந்நாட்டு செனட் சபையின் முதியோர் நலக்குழுவே. ஆயினும் மூடும் வழக்கம் ஓயவில்லை. 2018 ஜூன் மாதத்தில் மில்வாக்கி, ஆர்லிங்டன், பால்டிமோர் ஆகிய மூன்று இடங்களில் கதவுகள் அடைக்கப்பட்டன.

இவற்றுள் மில்வாக்கி நகரின் தென்பகுதியைச் சற்று நின்று பார்ப்போம். மிச்சல் தெருவின் பெயரால் அறியப்பட்ட அலுவலகம் அங்கிருந்தது. ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் நிறைந்து வாழும் பகுதி அது. அலுவலகத்தை மூடக்கூடாது என்று அப்பகுதி மக்கள் குரல் எழுப்பினர். செனட்டர் டாமி பால்ட்வினும் பேரவை உறுப்பினர் குவென் மூரும் அவர்களுக்காக வாதாடினர். பயன் விளையவில்லை.

மூடுவோர் தரப்பில் சொல்லப்படும் நியாயங்கள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பவர்கள் வெறும் உணர்ச்சியால் பேசுகிறார்கள் என்ற பழிக்கு இடம் தரலாகாது.

முதலாவது, இப்போது எல்லாவற்றையும் இணையதளத்திலேயே செய்துகொள்ளலாம், நேரில் வர வேண்டிய தேவை இல்லை என்பது. வசதியும் பழக்கமும் உள்ளவர்க்கு இது உண்மையே. அவர்கள் வீட்டிலிருந்தே ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கட்டும், நமக்கு மறுப்பில்லை. ஆனால் அலுவலகத்தைத் தேடி வருவோர் யார்? கணவன் இறந்து சில நாள்களே ஆன ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். இறந்தவரின் குடும்பத்திற்கு உரிய உதவிக்கு இணையதளத்தில் விண்ணப்பிக்க அங்கே வழியே இல்லை. அவர் தொலைபேசியில் காத்திருக்க வேண்டும். அல்லது நேரில் செல்ல வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதவர், பார்வை மங்கியவர், மனநோயால் அல்லலுறுபவர், பிறப்புச் சான்றின் மூலப்பிரதியைத் தபாலில் அனுப்ப அஞ்சுகிறவர் ஆகியோரே அந்த வரிசையில் நிற்கிறார்கள். இணையதளம் யாருக்குப் பயன்படுமோ அவர்களுக்கு அலுவலகம் தேவையில்லை. அலுவலகம் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு இணையதளம் பயன்படாது. ஒருவருக்குச் செய்த வசதியைக் காட்டி மற்றவருக்கு இருந்த வசதியைப் பறிப்பது என்ன நீதி?

இதற்கு ஒரு பெரிய சோதனையே நடந்துவிட்டது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச் நடுவிலிருந்து 2022 ஏப்ரல் 7 வரை, அந்த அலுவலகங்களில் பொதுமக்கள் முன்னறிவிப்பின்றி நேரில் நுழைய இயலவில்லை. தொலைபேசியும் தபாலும் இணையமும் இருந்தன. இருந்தும் ஏழை முதியோர்க்கும் உடல் இயலாத ஏழையர்க்கும் உரிய துணை வருமானத் திட்டத்திற்கு வரும் விண்ணப்பங்கள் வெகுவாகக் குறைந்தன. அவ்விரண்டு ஆண்டுகளில் முதுமையும் வறுமையும் நாட்டைவிட்டுப் போய்விட்டனவா?

இரண்டாவது நியாயம், ஓர் அலுவலகத்தை மூடினாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, சில கல் தொலைவுதான் என்பது. வரைபடத்தில் அளந்து சொல்லப்படும் நியாயம் இது. இதற்கு விடை, மனாசி தேஷ்பாண்டே, யூ லீ என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அலுவலகங்கள் மூடப்பட்ட பகுதிகளில் இயலாமை உதவி பெறுவோரின் எண்ணிக்கை என்ன ஆயிற்று என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். அது 16 விழுக்காடு குறைந்திருந்தது. ஓரிரு மாதங்களில் சரியாகிவிட்ட குறைவு அன்று. நீடித்து நின்ற குறைவு. காரணத்தை ஆராய்ந்தபோது, பயணத் தொலைவைக் காட்டிலும், பக்கத்து அலுவலகத்தில் ஏற்பட்ட நெரிசலே பெரிய தடை என்று தெரிந்தது. இதன் பொருளை நன்கு கவனிக்க வேண்டும். மூடப்பட்ட அலுவலகத்தின் மக்கள் பக்கத்து அலுவலகத்தில் போய்க் குவிகிறார்கள்; அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்களின் வரிசையும் நீள்கிறது. நம் தெரு அலுவலகத்தை மூடவில்லையே என்று எவரும் நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்த தெருவில் அடைக்கப்பட்ட கதவு நம் தெருவின் வரிசையையும் நீளச் செய்கிறது.

மூன்றாவது நியாயத்தை வெளிப்படையாகச் சொல்வோர் சிலரே. உள்ளுக்குள் நினைப்போர் பலர். உண்மையிலேயே தேவைப்படுகிறவர் எவ்வளவு தொலைவானாலும் வருவார், சும்மா கேட்டுப் பார்க்க வருகிறவர்தான் நின்றுவிடுவார், ஆகவே சிறிது சிரமம் இருப்பது நல்லதே என்பது அவர்கள் எண்ணம். கேட்பதற்கு அறிவார்ந்த பேச்சாகத் தோன்றுகிறது. ஆனால் அதே ஆய்வு இதைத் தகர்க்கிறது. அலுவலகங்கள் மூடப்பட்டபின் விண்ணப்பங்கள் 10 விழுக்காடுதான் குறைந்தன; உதவி பெறுவோரோ 16 விழுக்காடு குறைந்தனர். தகுதியற்றவர்கள் மட்டும் நின்றுபோயிருந்தால் உதவி பெறுவோர் எண்ணிக்கை இவ்வளவு குறைந்திருக்க முடியாது. அப்படியானால் வாசலிலேயே தடுக்கப்பட்டவர்களுள் மிகுதியானோர், விண்ணப்பித்திருந்தால் உதவி பெற்றிருக்க வேண்டியவர்கள். அவர்களுள்ளும் கல்வி குறைந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சிரமம் என்னும் சல்லடை உமியைத் தள்ளிவிட்டு மணியைக் காப்பதில்லை. ஏழையின் மணியைத்தான் கீழே சிந்துகிறது.

நான்காவது நியாயம் செலவு. வாடகை ஒப்பந்தம் முடிகிறது, பாதுகாப்பிற்கு ஆள் வைக்க வேண்டும், ஊழியர் போதவில்லை என்கிறார்கள். இவை பொய்யல்ல. பயனாளிகள் பெருகிக்கொண்டிருக்க, அலுவலகம் நடத்தும் பணத்தை அதற்கேற்ப உயர்த்தித் தர நாடாளுமன்றம் தயங்கியதே பல மூடல்களுக்கு மூலகாரணம். ஆதலால் குற்றம் முழுவதையும் நிர்வாகத்தின் தலைமேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். சமூகப் பாதுகாப்புத் திட்டம் செலவிடும் ஒவ்வொரு நூறு டாலரிலும் நிர்வாகத்திற்குச் செல்வது ஒரு டாலருக்கும் குறைவு. அந்த ஒரு டாலருக்குள்ளே இன்னும் சில காசுகளைச் சேமிக்கப் புறப்படுவதற்கு முன், அந்தக் காசு யார் பையிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டாமா? அலுவலகம் சேமித்த வாடகையை, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் முதியவர் கட்டணமாகச் செலுத்துகிறார். தாயை அழைத்துச் செல்லும் மகள் ஒருநாள் கூலியாகச் செலுத்துகிறாள். செலவு குறையவில்லை. அரசின் ஏட்டிலிருந்து ஏழையின் ஏட்டுக்கு அது மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. ஏழையின் ஏட்டை எந்தத் தணிக்கையாளரும் பார்ப்பதில்லை.

2025ஆம் ஆண்டில் நடந்ததோ இன்னும் விந்தையானது. அவ்வாண்டு பிப்ரவரியில், ஏறத்தாழ 57,000 ஊழியர்களை 50,000ஆகக் குறைக்கப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. அலுவலகக் கட்டடங்கள் பலவற்றின் வாடகை ஒப்பந்தங்கள் ரத்தாகப் போவதாக ஒரு பட்டியலும் வெளியாயிற்று. மக்கள் பதறினர். வட்டார அலுவலகம் எதையும் நிரந்தரமாக மூடவில்லை என்று நிர்வாகம் மறுத்தது. அந்த மறுப்பை நாமும் இங்கே பதிவு செய்கிறோம். ஆனால் அதே மார்ச் மாதத்தில் இன்னோர் அறிவிப்பும் வந்தது: இணையதளத்தில் தம்மை அடையாளம் காட்ட இயலாதவர்கள் இனித் தொலைபேசி வழியாக அல்லாமல் அலுவலகத்திற்கு நேரில் வர வேண்டும். ஒரு கையால் ஊழியரைக் குறைப்பது, மறு கையால் முதியவரை நேரில் வா என்று அழைப்பது! எதிர்ப்பு வலுத்ததால் இந்த விதியை முதலில் தள்ளிவைத்தார்கள். ஏப்ரலில் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். மக்கள் வாய் திறந்ததால்தான் அது நடந்தது என்பதை மறக்கலாகாது. மில்வாக்கியில் தோற்ற குரல் இங்கே ஓரளவேனும் வென்றது.

இனி, நம்முள்ளேயே சிலர் எழுப்பும் ஒரு கேள்விக்கு வருவோம். அரசு செய்யாவிட்டால் என்ன? பங்குகள் இருக்கின்றன, வின்சென்ட் தே பவுல் சபையினர் இருக்கின்றனர், கருணை உள்ளங்கள் இருக்கின்றன, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? இக்கேள்வி நல்லெண்ணத்தில் பிறப்பதே. ஆயினும் இது தவறான கேள்வி. இதற்கு அமெரிக்க ஆயர்களே ஒரு நூற்றாண்டுக்கு முன் விடை கூறியிருக்கிறார்கள்.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1919 பிப்ரவரியில், ஆயர்கள் நால்வர் கையொப்பமிட்ட சமூக மறுசீரமைப்புத் திட்டம் ஒன்று அங்கே வெளியாயிற்று. அதை வரைந்தவர் அருள்தந்தை ஜான் ரயன். வாழ்வதற்குப் போதுமான கூலி உழைப்பாளியின் உரிமை என்று 1906லேயே நூல் எழுதி வாதிட்டவர் அவர். நோய், உடல் இயலாமை, வேலையின்மை, முதுமை ஆகிய நான்கு இடர்களுக்கும் சமூகக் காப்பீடு வேண்டும் என்று அத்திட்டம் கோரியது. ரூஸ்வெல்ட்டின் சட்டம் வருவதற்கு 16 ஆண்டுகள் முந்திய குரல் அது. அக்காலத்தில் இதனைச் சோசலிசம் என்று தூற்றியவர்களும் உண்டு. தருமம் செய்யும் அமைப்புகள் அன்றும் அந்நாட்டுத் திருச்சபையில் ஏராளமாக இருந்தன. இருந்தும் ஆயர்கள் காப்பீட்டைக் கேட்டார்கள்.

ஏன்? தருமம் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. காப்பீடு பெறுபவரின் உரிமையைப் பொறுத்தது. தருமம் பெறுகிறவர் நன்றி சொல்ல வேண்டியவராகிறார். உரிமை பெறுகிறவர் தலைநிமிர்ந்து கேட்கலாம். ஐடா மே ஃபுல்லர் ரட்லண்ட் அலுவலகத்தில் கை ஏந்தி நிற்கவில்லை. நான் செலுத்தியிருக்கிறேன், எனக்கு என்ன உண்டு என்று கேட்டார். அவ்வாறு கேட்கக்கூடிய இடத்தை மூடிவிட்டு, அவரைப் பங்கு இல்லத்தின் வாசலுக்கு அனுப்பினால், பணம் ஒருவேளை கிடைக்கலாம். ஆனால் அவர் குடிமகளாக இருந்த நிலை மாறி, இரவலராக ஆகிவிடுவார். நம் தாராள மனத்தை அந்த அநீதிக்குத் திரையாக நாம் தரலாகாது. பங்கு செய்யக்கூடிய நற்செயல் வேறு உண்டு: முதியவரின் கையைப் பிடித்து அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லலாம். அதற்கு அலுவலகம் இருக்க வேண்டும்.

மில்வாக்கிக்கு மீண்டும் வருவோம். மூடப்பட்ட அலுவலகம் இருந்த அதே தென்பகுதியில்தான் புனித யோசபாத்து பேராலயம் ஓங்கி நிற்கிறது. அதன் கதை வியப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு குடியேறியிருந்த போலந்து நாட்டு ஏழை உழைப்பாளர்கள் பெரிய கோயில் ஒன்றைக் கட்ட விரும்பினர். கையில் போதிய பணம் இல்லை. அப்போது சிகாகோ நகரில் அஞ்சல் நிலையமும் சுங்க நிலையமுமாக இருந்த ஒரு பெரிய அரசுக் கட்டடம் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் கற்களையும் தூண்களையும் 20,000 டாலருக்கு வாங்கி, 500 இரயில் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்து, 1901இல் கோயிலை எழுப்பி முடித்தார்கள். 1929இல் அது பேராலயமாக உயர்த்தப்பட்டது. அரசு வேண்டாமென்று இடித்துத் தள்ளிய அலுவலகத்தின் கற்களைக் கொண்டு ஏழைகள் இறைவனுக்கு இல்லம் கட்டினார்கள். நூறாண்டுகளுக்குப்பின் அதே பகுதியின் ஏழைகளிடமிருந்து அரசு தன் அலுவலகத்தையும் எடுத்துக்கொண்டது. கற்களுக்குக்கூட மறுவாழ்வு தந்த மக்களுக்கு, அவர்களுக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் கொண்ட அறையைத் தர ஒரு செல்வ நாட்டுக்கு இயலாமற் போயிற்றே!

அப்படியானால் எந்த அலுவலகத்தையும் எக்காலத்திலும் மூடவே கூடாதா? அவ்வாறு நான் சொல்லவில்லை. மக்கள் இடம்பெயர்ந்துவிட்ட ஊர்கள் உண்டு. இரண்டை ஒன்றாக்குவது பொருந்தும் இடங்களும் உண்டு. ஆனால் மூடுமுன் செய்ய வேண்டியவை சில உள்ளன. அப்பகுதி மக்களைக் கூட்டி, முடிவு எடுத்தபின் அன்று, எடுக்குமுன் அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அங்கே வருகிறவர்கள் யார், எதற்காக வருகிறார்கள், எப்படி வருகிறார்கள் என்று கணக்கெடுத்து வெளியிட வேண்டும். பக்கத்து அலுவலகத்தில் ஊழியரைக் கூட்டிய பின்னரே இந்த அலுவலகத்தின் கதவை அடைக்க வேண்டும். நூலகங்களில் அன்று போடப்பட்டிருந்த மேசைகளை மீண்டும் போட வேண்டும். மூடி ஓராண்டு ஆனபின், உதவி பெறுவோர் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் திறக்க வேண்டும். சட்டத்தால் கொடுத்ததைச் சுற்றறிக்கையால் எடுக்கக்கூடாது என்பதே இவற்றின் சாரம்.

இவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. நாடாளுமன்றத்துக்கு மனம் இருந்தால் ஒரே கூட்டத்தொடரில் சட்டமாக்கிவிடலாம். அந்த மனம் தானாக வராது. வரிசையில் நிற்பவர்களுக்குப் பேச நேரமில்லை. வரிசையில் நிற்கத் தேவையில்லாதவர்கள் அவர்களுக்காகப் பேச வேண்டும். வசதியும் கல்வியும் பெற்ற இறைமக்கள், தங்களுக்குத் தேவைப்படாத ஒரு கதவுக்காக வாதாடும் நாளில்தான் அது திறந்திருக்கும்.

ஐடா மே ஃபுல்லர் உள்ளே நுழைந்தபோது அவரை ஒருவரும் அழைத்திருக்கவில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். இன்று ஏதோ ஒரு நகரில், ஏதோ ஒரு வேலையாக வந்த ஒரு முதிய பெண்மணி, தமக்கு ஏதும் உண்டா என்று கேட்டுப்போக விரும்புகிறார். அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. அடைத்த கதவில் ஒட்டிய ஒரு தாளைக் கண்டால், அதை முறையிடாமல் திரும்பிவிடுவார். அவ்வாறு திரும்பிச் சென்றவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் குறைகூறுவோர் பட்டியலில் இடம்பெற மாட்டார்கள். மூடியதால் எவருக்கும் குறையில்லை என்று அறிக்கை எழுதப்படும். அந்த அறிக்கையை நம்பாதிருப்பதே நம் முதற்கடமை.